மஞ்சள் தடத்தில் டிரைவரம்மா

நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற அந்த அம்மாளைத் தெருவில் எல்லோரும் டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையில் இருந்த காலமெல்லாம் உட்கார்ந்தே கழிந்ததால், ஓய்வு பெற்ற மறுவாரமே நடக்க ஆரம்பித்துவிட்டார். முதலில் தெருவைச் சுற்றி. பிறகு ஆற்றங்கரை. அப்புறம் நகரத்துக்கு வெளியே இருந்த பெரிய இயற்கைப் பூங்காவைக் கண்டுபிடித்தார். ஆழமான ஓடைப் பள்ளங்களும், பள்ளங்களின் இருபுறமும் அடர்ந்த காடும், காட்டுக்குள் ஒரு பழைய கல்பாலமும், இடிந்த காவல் கோபுரமும், ஓடாமல் நின்றுபோன நீர் ஆலையும் இருந்த இடம். நடப்பவர்களுக்காக மரங்களிலும் பாறைகளிலும் வண்ணம் பூசித் தடம் குறித்திருந்தார்கள். சிவப்பு, நீலம், மஞ்சள். அதில் பைத்தியமாகிவிட்டார் டிரைவரம்மா.

அவர் இருந்தது மகன் வீட்டில். மகன் லிஃப்ட் மெக்கானிக். மருமகள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். சட்டத்துக்குத் தகுந்தபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. நாள் முழுக்கக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்ததால், வீட்டில் வேறு யாருக்கும் படாத ஒன்று அவள் கண்ணில் பட்டது. மாமியார் கதவு நிலையில் அடிக்கடி தோளை இடித்துக்கொண்டார். மேசை ஓரத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிட்டார். பக்கத்தில் வந்து நின்றவர்களைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

மகனிடம் சொல்லாமல் இருவரும் கண் டாக்டரிடம் போனார்கள். வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். டிரைவரம்மா ரொம்ப நேரம் அழுத்தாமலே இருந்தார். கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது, நேர்ப் பார்வைக்குப் பழுதில்லை, ஓரப் பார்வைதான், அதிலும் இடது பக்கம் அதிகமாக, சுருங்கிக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் டிரைவரம்மா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்மா. அவனுக்குத் தெரிஞ்சா என்னைப் பஞ்சுல சுத்தி அலமாரியில வச்சிடுவான்."

"சொல்ல மாட்டேன் அத்தை. ஆனா காட்டுப் பக்கம் நீங்க தனியா போகக்கூடாது. நான் கூட வரேன்."

இந்த வார்த்தையை யாரும் அவளிடம் கேட்டு வாங்கவில்லை. அவளாகத்தான் கொடுத்தாள்.

அன்றிலிருந்து அவளுடைய வார விடுமுறை எல்லாம் பூங்காவுக்குப் போனது. ஆரம்பத்தில் அவளுக்கும் பிடித்திருந்தது. போகப் போக அலுத்தது. மாமியாருக்கு வாய் ஓயாது. அவரால் ஒரு மரத்தைப் பேசாமல் கடக்க முடியாது. கல்பாலம் கண்ணுக்குத் தெரிந்ததுமே, "அடுத்த நிறுத்தம் கல்பாலம்! இறங்குறவங்க முன்னாடி வாங்க!" என்று கத்துவார். ஓடைப் பள்ளத்தின் விளிம்பில் நின்று "ஓய்!" என்று குரல் கொடுத்துவிட்டு, எதிரொலி வந்ததும் குழந்தை மாதிரி சிரிப்பார். முதல் தடவை அவளும் சிரித்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை. வாரம் முழுக்கக் கடையில் "இது எனக்கு நல்லா இருக்கா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வந்தவளுக்கு, யாரும் பேசாத கொஞ்ச நேரம் கிடைக்காதா என்றிருந்தது. வீட்டில் இதைச் சொல்ல முடியாது. மாமியாரோடு அவளுக்குச் சண்டை கிடையாது, மனஸ்தாபம் கிடையாது. நல்ல மனுஷியைப் பற்றி என்னவென்று புகார் சொல்வது?

அந்த விடுமுறை நாளில் வானம் மூடியிருந்தது. முந்தின நாள் மழையில் தரையெல்லாம் ஈர இலை. பூங்கா வாசலில் இருந்த வனக்காவலர் இவர்களை நன்றாகத் தெரிந்தவர்.

"இன்னைக்கு எந்தப் பக்கம் டிரைவரம்மா?"

"மஞ்சள் தடம். கோபுரம் வரைக்கும்."

"கோபுரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி பாதை ரெண்டாப் பிரியும். நேரா இறங்குறது பழைய பாதை, சரிஞ்சு கிடக்கு. மஞ்சள் குறி இடது பக்க மரத்துல இருக்கு. பார்த்துத் திரும்புங்க." இதைச் சொல்லும்போது அவர் மருமகளைப் பார்த்துத்தான் சொன்னார். அவளும் தலையாட்டினாள்.

கல்பாலம் வரும் வரைக்கும் டிரைவரம்மா தன் பழைய டிப்போ மேலாளரின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஏற்கெனவே சொன்ன கதை. நடுவில் விட்டுப்போன இடத்தை நினைவுபடுத்திக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். பாலத்தடியில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. பக்கத்தில் வழவழவென்று ஒரு பாறை.

"அத்தை, எனக்குக் கால் வலிக்குது. நீங்க மெதுவா முன்னாடி போங்க. நான் பின்னாடியே வரேன்."

கால் வலி எதுவும் இல்லை.

"கோபுரம் கிட்டத்துலதானே இருக்கு. போயிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கேன். நீ ஆற அமர வா," என்றார் டிரைவரம்மா. சந்தோஷமாகவே போனார். அவருக்கும் தனியாக நடந்து நாளாகியிருந்தது.

அவர் முதுகு மரங்களுக்குள் மறையும்போது வனக்காவலர் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. இடது பக்க மரம். இடது பக்கம் டிரைவரம்மாவுக்கு எவ்வளவு தெரியும் என்பது இந்த உலகத்தில் அவளுக்கும் டாக்டருக்கும்தான் தெரியும். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நாலு எட்டு வைத்தால் பிடித்திருக்கலாம். 'இத்தனை வருஷம் பஸ் ஓட்டினவங்க, இது கூடவா தெரியாது?' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஷூவைக் கழற்றினாள்.

தண்ணீரில் காலை விட்டாள். சில்லென்றிருந்தது. பையிலிருந்த ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாக, யாருக்கும் பங்கு கொடுக்காமல் தின்றாள். எங்கோ ஒரு பறவை மட்டும் விட்டு விட்டுக் கூவியது. அவள் மனசு அப்படி லேசாகி எத்தனை மாதமாயிற்றோ. பின்னாளில் அவளைக் குத்திக் கிழித்தது இந்த நேரம்தான். அந்த நேரத்தில் அவள் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தாள்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. தூரத்தில், தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலாக. "ஓய்!"

அவள் நிமிர்ந்தாள். கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை. "ஓய்ய்!"

எதிரொலிக்குக் கத்துகிறார் என்று நினைத்தாள். இல்லை, அப்படி நினைத்துக்கொண்டாள். குரல் மேலேயிருந்து வராமல் பள்ளத்துக்குள்ளிருந்து வந்ததை அவள் காது கவனித்தது. எழுந்திருக்க உடம்பு வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், இந்த ஆரஞ்சு முடியட்டும் என்று உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஷூவை மாட்டிக்கொண்டு அவள் கோபுரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே யாரும் இல்லை. இடிந்த படிகளில் ஏறிப் பார்த்தாள். சுற்றி வந்து பார்த்தாள். "அத்தை!" என்று கூப்பிட்டாள். நீர் ஆலைப் பக்கம் போயிருப்பாரோ என்று அங்கே ஓடினாள். திரும்பி வந்தாள். போனில் சிக்னல் இல்லை. பாதை பிரியும் இடத்துக்கு வந்தபோது, நேராக இறங்கும் பழைய பாதையின் ஈர இலையில் ஷூத்தடம் பதிந்திருந்ததைப் பார்த்தாள். கொஞ்ச தூரத்தில் தடம் சறுக்கிய கோடாக மாறியிருந்தது. அதற்கப்பால் மண் சரிந்து, செங்குத்தாகப் பள்ளம். இடது பக்க மரத்தில் மஞ்சள் குறி பளிச்சென்று அவளைப் பார்த்தது.

பள்ளத்தை நோக்கிக் கத்தினாள். பதில் இல்லை. இறங்கப் பார்த்து, கால் வழுக்கி, ஒரு வேரைப் பிடித்துத் தொங்கி, மேலே வந்தாள். பிறகு வாசல் வரைக்கும் ஓட்டம்தான். வனக்காவலரைப் பார்த்ததும் பள்ளத்தின் பக்கம் கையைக் காட்டினாள். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கயிறும் தூக்குப் படுக்கையும் எடுத்துக்கொண்டு ஆட்களைத் திரட்டினார்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் கண்டுபிடித்தார்கள். டிரைவரம்மா பள்ளத்தின் அடியில், விழுந்த மரம் ஒன்றில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டு முறிந்து, கணுக்கால் வீங்கி, குளிரில் உதடு நீலமாகியிருந்தது. கத்திக் கத்திக் குரல் சுத்தமாகப் போயிருந்தது. மேலே தூக்கி வந்தபோது மருமகளைப் பார்த்தார். அவளுடைய முகத்தையும் மண் அப்பிய கைகளையும் பார்த்தார். வனக்காவலர் "என்ன நடந்தது?" என்று கேட்டதற்கு, காற்றாக வந்த குரலில் சொன்னார்:

"இவ நில்லுங்க நில்லுங்கன்னு சொன்னா. நான்தான் கேக்காம வேகமா போயிட்டேன். எல்லாம் என் அவசரம்."

அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்கு மகன் வேலை உடையிலேயே ஓடி வந்தான். கையெல்லாம் கிரீஸ். அம்மாவின் கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, பெஞ்சில் இருந்த மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். "நீ மட்டும் கூட இல்லேன்னா என்ன ஆயிருக்கும்? நினைச்சுக்கூடப் பார்க்க முடியல," என்றான். அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அந்தக் கையை அவளால் இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, விட்டுவைக்கவும் முடியவில்லை.

டிரைவரம்மா வீட்டுக்கு வந்த பிறகு மருமகள் விழுந்து விழுந்து கவனித்தாள். தலை வாரிவிட்டாள், ரொட்டியைப் பிய்த்து ஊட்டினாள், கண்ணுக்கு மருந்து விட்டாள். கடைக்கு லீவு போட்டாள். பார்க்க வந்த அக்கம்பக்கத்தார் எல்லாம், "பெத்த பொண்ணு கூட இப்படிப் பார்க்காது," என்று அவள் காதுபடச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

"அத்தை, ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"எப்படி?"

"நான் நில்லுங்கன்னு சொன்னதா."

"பின்ன? கூட்டத்துல வச்சு உன்னைக் கேள்வி கேக்கவா? கால் வலிச்சா உட்காரத்தானே செய்வாங்க. இதுல உன் தப்பு என்ன இருக்கு?" என்றார் டிரைவரம்மா. "விடு. கட்டுப் பிரிச்சதும் நீலத் தடம் போறோம். அது இன்னும் பாக்கி இருக்கு."

பாவம், அவர் அப்படிச் சொன்னதுதான் அவளை உடைத்தது. ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள்.

அன்று சாயங்காலமே, கணவன் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னாள். நான் நில்லுங்கன்னு சொல்லல. நான்தான் முன்னாடி போகச் சொன்னேன். கால் வலின்னு பொய் சொன்னேன். அத்தைக்கு ஓரம் தெரியாதுன்னு தெரிஞ்சும் அனுப்பினேன்.

அவன் கடைசி வாக்கியத்தில் நின்றான். "ஓரம் தெரியாதுன்னா?"

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. டாக்டர், அந்தக் கருவி, சொட்டு மருந்து, எல்லாவற்றையும் சொன்னாள். கண் எரியுது, அதுக்கு விடுற மருந்து என்று அம்மா அவனிடம் சொல்லியிருந்தார். பாறையில் உட்கார்ந்திருந்தபோது கேட்ட குரலை மட்டும் சொல்லவில்லை. அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மென்று விழுங்கிவிட்டாள்.

அவன் அவளைத் திட்டவில்லை. முகத்தில் ஈயாடாமல் துணிகளை மடித்துக்கொண்டே இருந்தான். பிறகு கீழே போய் அம்மா முன்னால் நின்றான்.

"கண்ணு தெரியலைன்னு எத்தனை நாளாம்மா மறைச்சு வச்சிருக்க?"

டிரைவரம்மா மகனைப் பார்க்கவில்லை. அவன் பின்னால் வாசலில் நின்ற மருமகளைத் தேடித் தலையைத் திருப்பினார்.

"கண்ணு தெரியுதுடா. ஓரம்தான்..."

"லிஃப்டுல ஒரு கயிறு நைஞ்சிருக்குன்னு தெரிஞ்சா, மத்த கயிறெல்லாம் நல்லா இருக்கேன்னு ஓட விட மாட்டோம். நிறுத்திட்டுத்தான் மறு வேலை. இனிமே நீ காட்டுக்குப் போகக்கூடாது. தெருவுக்குப் போறதா இருந்தா என்கிட்ட சொல்லு, நான் வரேன்."

"அப்போ என்னையும் நிறுத்திட்டியா?"

"ஆமா."

சொன்னபடியே செய்தான். அம்மாவின் நடை ஷூவை எடுத்துப் பரண்மேல் போட்டான். பூட்டவெல்லாம் இல்லை. ஆனால் ஒரு கையில் கட்டுப் போட்டிருந்தவருக்குப் பரணும் பூட்டும் ஒன்றுதான்.

அவன் வேலைக்குப் போனதும் மருமகள் மாமியாரின் அருகில் வந்து நின்றாள்.

"அத்தை, எனக்குத் தாங்க முடியல. அதான் சொல்லிட்டேன்."

"உனக்குத் தாங்கல. அதனால இறக்கி வச்சிட்ட. எங்க இறக்கின? என் தலையில." டிரைவரம்மாவின் குரல் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. அதனால் கோபம் இன்னும் மோசமாகக் கேட்டது. "பள்ளத்துல விழுந்ததுக்கு நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டேனா? அது விபத்து. இது நீ தெரிஞ்சு பண்ணது."

அதற்குப் பிறகு அவர் ஜன்னல் ஓரத்து நாற்காலிக்கு மாறினார். எதிரே பஸ் நிறுத்தம். வருகிற பேருந்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஓட்டுநர் மோசமாக நிறுத்தினால்கூட ஒன்றும் சொல்லமாட்டார். வாய் ஓயாத மனுஷிக்கு வாய் ஓய்ந்துபோனது. கட்டுப் பிரித்த பிறகும் நாற்காலியை விட்டு எழவில்லை. மருமகள் ஆசைப்பட்ட அமைதி வீடு பூராவும் நிறைந்து கிடந்தது. அவளுக்கு அதில் மூச்சு முட்டியது.

கடையில் ஒரு பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, பஸ் நம்பர் தெரியுதே!" என்று கத்தினார். அவளுக்குக் கண் கலங்கி, லென்ஸ் கைதவறி விழுந்தது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றாமலே நாற்காலியின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தை, இன்னொண்ணு இருக்கு. அவர்கிட்ட அதைச் சொல்லல. அதை மறைச்சிட்டு உங்க விஷயத்தை மட்டும் சொல்லிட்டேன்."

"என்ன?"

"நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு."

டிரைவரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ரெண்டு தடவை. பள்ளத்துல இருந்து வருதுன்னும் தெரிஞ்சது. விளையாட்டுக்குக் கத்துறீங்கன்னு நினைச்சுக்கிட்டு உட்கார்ந்தே இருந்தேன். எனக்குத் தனியா இருக்கணும்போல இருந்துச்சு. கால் வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

வெளியே ஒரு பேருந்து வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"உன் காதுக்கு எட்டலைன்னு நினைச்சுதான் நான் விடாம கத்தினேன்," என்றார் கடைசியில். "தண்ணிச் சத்தத்துல கேட்டிருக்காது, கேட்டா பறந்து வந்திருப்பான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். குளிர்ல உடம்பு வெடவெடன்னு ஆடுது. அந்த நினைப்புலதான் உட்கார்ந்திருந்தேன்."

அவள் அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள்.

"நான் அவ்வளவு தொந்தரவா உனக்கு?"

"இல்ல அத்தை."

"பொய் சொல்லாதே. இப்பத்தான் உண்மைக்கு வந்திருக்க."

"...அன்னைக்கு இருந்தீங்க."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. 'அத்தை, கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு வாங்க'ன்னு. எத்தனை பயணிங்க என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்காங்க!" என்றவர், அவள் சிரிப்பாளோ என்று பார்ப்பவர் மாதிரி ஒரு கணம் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. "போய் அவன்கிட்ட இதையும் சொல்லு. பாதி சொல்லி என்னை மாட்டிவிட்டுட்ட. மீதியையும் சொல்லு."

சொன்னாள். இந்தத் தடவை கணவன் கோபப்பட்டான். ரொம்ப நேரம் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினான். "எங்கம்மா செத்துப் போயிருப்பாங்க, தெரியுமா உனக்கு?" என்றான். தெரியும் என்றாள். சில நாள் இருவரும் ஒரே வீட்டில் விருந்தாளிகள் மாதிரி நடமாடினார்கள். அவள் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் விடாமல் நின்றாள். "கோவத்தை என்மேல காட்டுங்க. தப்பு பண்ணது நான். அவங்களை எதுக்கு நாற்காலியில கட்டிப் போட்டிருக்கீங்க? டாக்டர்கிட்ட நீங்களே ஒரு தடவை கேளுங்க. வேண்டாம்னு அவர் சொன்னா நான் வாயே திறக்கல."

ஒரு வழியாக அவன் அம்மாவை அழைத்துக்கொண்டு போனான். கண் டாக்டர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நடக்கறதால கண் கெட்டுப்போகாது தம்பி. பழைய மாதிரி தனியா போறதுதான் கூடாது. கையில குச்சி, பக்கத்துல ஆள், தலையை ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கிற பழக்கம். இது மூணும் இருந்தா போகட்டும்," என்றார். அன்று மாலை அவன் ஏணி போட்டுப் பரணிலிருந்து ஷூவை இறக்கித் தூசி தட்டினான்.

விடுமுறை நாள் வந்தது. மருமகள் காலையிலேயே தயாராகி நின்றாள்.

"நீ வேண்டாம்மா," என்றார் டிரைவரம்மா. குரலில் கோபம் இல்லை. "பூங்காவுல வயசானவங்க கும்பல் ஒண்ணு வாராவாரம் நடக்குதாம். வனக்காவலர் கூட்டிட்டுப் போறார். அவங்களோட போறேன். உன்மேல எனக்கு வெறுப்பெல்லாம் இல்ல. ஆனா அந்தப் பள்ளத்துப் பக்கம் உன்னை நம்பி நடக்க எனக்கு இன்னும் வரல."

சரி அத்தை என்றாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடப் போய் ஏற்றிவிட்டாள். பிறகு வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் கேட்டிருந்த தனிமை முழுசாக ஒரு நாள் கிடைத்திருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், சுத்தமாக இருந்த அடுப்பை மறுபடி துடைத்தாள்.

மாதங்கள் இப்படியே போயின. டிரைவரம்மா சேறும் சகதியுமாக வீடு திரும்புவார். பார்த்ததையெல்லாம் மகனுக்குச் சொல்வார். நீர் ஆலையின் சக்கரத்தைப் பழுது பார்க்கிறார்களாம், கும்பலில் ஒரு தையல்காரம்மா இருக்கிறாராம், அவர் இவரைவிட அதிகம் பேசுவாராம். "காது புளிச்சுப்போச்சுடா!" என்று அலுத்துக்கொண்டார். மருமகள் தட்டு கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். அவளிடம் அவர் பேசாமல் இல்லை. உப்பு, மருந்து, துணி, கரண்ட் என்று எல்லாம் பேசினார். காட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் டிரைவரம்மா தட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"கும்பலுக்குக் கடைசியில நடக்க ஆள் வேணுமாம். எல்லாருக்கும் பின்னாடி வரணும். யாரும் விட்டுப்போகாம பார்த்துக்கணும். இதுவரைக்கும் வந்துக்கிட்டிருந்தவருக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருச்சு. வயசுல சின்னவங்களா யாராவது இருக்காங்களான்னு வனக்காவலர் கேட்டார்."

மகன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான்.

"நான் உன் பேரைச் சொல்லியிருக்கேன்," என்றார் டிரைவரம்மா. "நான் முன் வரிசையில போறவ. நீ கடைசியில. நடுவுல அத்தனை பேர் இருப்பாங்க. என் தொணதொணப்பு உனக்குக் கேக்காது."

"அத்தை..."

"வரியா, மாட்டியா? அதை மட்டும் சொல்லு."

"வரேன்."

அந்த வாரம் நீலத் தடம். வனக்காவலர் அவளிடம் ஒரு பச்சை மேல்சட்டையைக் கொடுத்தார், தூரத்திலிருந்து தெரிவதற்காக. பழசு எதையும் அவர் கேட்கவில்லை. அவள்தான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூசினாள். கும்பல் கிளம்பியது. டிரைவரம்மாவின் குரல் வளைவுக்கு அப்பால் போய்க் கரைந்தது. கடைசியில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், வீங்கிய முழங்காலோடு, நின்று நின்று நடந்தார். அவர் நின்றபோதெல்லாம் அவளும் நின்றாள். ஓடைப் பள்ளத்தின் விளிம்பு வந்தபோது அன்று கேட்ட "ஓய்!" அவள் காதுக்குள் மறுபடி ஒலித்தது. ஈர மண்ணின் வாசனைகூட அதே வாசனை. இது போகாது, எத்தனை தடவை நடந்தாலும் இந்த இடத்தில் அந்தக் குரல் இப்படித்தான் ஒலிக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. தபால்காரரின் பள்ளத்துப் பக்கமாக மாறி நடந்தாள்.

இருவரும் நீர் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் அவித்த முட்டையும் ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரம்மா ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். டிரைவரம்மா தலையை இடதும் வலதுமாகத் திருப்பி, வந்து சேர்ந்தவர்களைப் பார்த்தார்.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு அத்தை. எனக்குப் பின்னாடி யாரும் இல்ல."

"சரி," என்று சொல்லிவிட்டு டிரைவரம்மா மறுபடி கதைக்குத் திரும்பினார். தபால்காரர் பெருமூச்சோடு ஒரு கல்லில் உட்கார்ந்து காலை நீட்டினார். கிளம்ப நேரமாகும் என்று வனக்காவலர் சொன்னார். அவள் பச்சை மேல்சட்டையைக் கழற்றாமல், எல்லோரும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு இடம் பார்த்து உட்கார்ந்தாள்.